அகழியில் ஒரு மனை

அல் குசைஸ், துபாய்,
9.11.2025

தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

நேற்று இங்குள்ள ஓட்டலில் நீ நடத்திய வீட்டுமனைக் கண்காட்சியில், நம் ஊர்க் கோட்டை ‘ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’ என்று பலகை வைத்திருந்தாய். தவறு. கோட்டை கட்டப்பட்டது 1482-இல். அகழி வெட்டப்பட்டது 1511-இல். 1756-இல் பீரங்கி வடக்கு மதிலைச் சரித்தது. பிறகு ஊரார் கல்லைப் பெயர்த்துச் சென்றனர். அகழி மட்டும் ஐப்பசிதோறும் நிறைந்தது. அதையும் 2022 ஜூனில் நீ மண் கொட்டித் தூர்த்து, ‘கோட்டை நகர்’ ஆக்கினாய்.

அஜ்மானிலிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் இளைஞர் கேட்டார்: “அண்ணே, மழைத்தண்ணி நிக்காதுல்ல?”

“துபாய்ல கடலையே தூத்து வீடு கட்டிப்புட்டான். நீ மழைக்குப் பயப்படுற!” என்று சிரித்தாய்.

அவரும் அங்கேயே முன்பணம் கட்டினார். என் பக்கத்தில் மகன் முரளிதரன் நின்றான். செப்டம்பரிலேயே எனக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு மனை வாங்கிவிட்டானாம். “இனிமே கோட்டையைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்ப்பா. சித்தப்பா முன்வரிசையிலயே குடுத்திருக்காரு” என்றான். இங்கேயே வளர்ந்தவன், அங்கே தண்ணீர் நின்றதை அவன் கண்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்து நான் எதைச் சொல்வது?

ஆகவே நீயே சொல். 30.11.2025-க்குள் அந்த இளைஞரிடமும் முரளிதரனிடமும் உண்மையைச் சொல்லி, விற்பனையை ரத்து செய். தவறினால் உன் அடுத்த கண்காட்சியில், உன் மேசை முன்னால் நாற்காலி போட்டு அமர்ந்து, வருகிற ஒவ்வொருவருக்கும் 1482-இலிருந்து வரிசையாகச் சொல்வேன்.

நான் தொடங்கினால் நிறுத்துவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன்னோடு பிறக்க நேர்ந்தவன்