பாதி மலையில் யாழினி சொன்னது

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தே தான் உயரமாக வளரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என் அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உன் பிள்ளைகள் இருவரையும் மலைக்குக் கூட்டிப் போனேன். மலை என்றதும் நம் ஊருக்கு மேற்கே நிற்கிற மலையை நினைத்துவிடாதே. இது ஒரகடம் தாண்டி, கம்பெனிச் சுவர்கள் முடிகிற இடத்தில் இருக்கும் பாறைக்குன்று. பங்குனி வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும் என்று ஆறு மணிக்கே பைக்கில் கிளம்பினோம். அத்தானுக்கு அன்றைக்கும் கம்பெனி பஸ் ஓட்டும் வேலை.

நீ போனதிலிருந்து இந்த ஒரு வருஷமாக யாழினி பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடுவதே இல்லையாம். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். சோம்பல் என்றுதான் நான் நினைத்தேன். மலை ஏறினால் சரியாகிவிடும் என்று பெரிய மனுஷன் மாதிரி முடிவு செய்தேன்.

கவினுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது. கண்ணில் பட்ட கல்லையெல்லாம் பொறுக்கி என் பையில் போட்டான். புங்கை மரம் தளிர்விட்டிருந்தது; அதைத் தின்னலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மென்று முகத்தைச் சுளித்தான். நீ இருந்திருந்தால் அடி எனக்குத்தான் விழுந்திருக்கும்.

பாதி வழியில் அவன் கால் வலிக்கிறது என்றதால் தோளில் தூக்கிக்கொண்டேன். செங்குத்தான பாறை. கொஞ்ச நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அவனை இறக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தேன்.

யாழினி என்னைப் பார்த்தாள். அக்கா, அது எட்டு வயதுப் பிள்ளையின் முகமாகவே இல்லை.

"மாமா, கீழ போயிர்லாம். இதுக்கு மேல ஏறாத."

"ஒண்ணுமில்ல பிள்ள" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மாவும் மாடிப்படில இப்டிதான் ஒக்காந்துகினு ஒண்ணுமில்லன்னுச்சு. அப்பாகிட்ட சொல்லாதன்னுச்சு. நான் சொல்லல."

உன் நெஞ்சு நோவை நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டோம். உன் பிள்ளைக்கு மட்டும் முன்பே தெரிந்திருக்கிறது. யார் ஓடினாலும், யார் படி ஏறினாலும் அவள் பயந்துகொண்டே பார்த்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்குக்கூட அது ஏன் தெரியாமல் போனது?

அவள் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்தேன். "வேகமா அடிக்குல்லா? ஏறுனா எல்லாருக்கும் அடிக்கும். ஒக்காந்தா அடங்கிரும். நீயே பாரு" என்றேன். கையை எடுக்காமல் காத்திருந்தாள். மெல்ல மெல்ல அடங்கியது.

"அம்மாவுக்கு ஏன் அடங்கல?"

"அம்மாவுக்கு உள்ள நோவு இருந்துச்சு தாயி. பெரியவங்க எங்களுக்கே தெரியல. நீ சொல்லாததால அம்மா போகல."

அப்போதுதான் அழுதாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாதவள், என் சட்டை நனைய அழுதாள். கவினுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தன் அக்காவிடம் கொடுத்தான்.

பிறகு நின்று நின்று மேலே ஏறினோம். உச்சியில் நல்ல காற்று. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கம்பெனிக் கூரைகள். சாலையில் போன ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அப்பா என்று கவின் கையாட்டினான். யாழினி நான்கு இட்லி தின்றாள். தின்றுகொண்டே, சின்ன வயதில் நீ மலை ஏறுவாயா என்று கேட்டாள். நீ என்னை ஏமாற்றிவிட்டு முன்னால் ஓடிய கதையையெல்லாம் சொன்னேன்.

சாயங்காலம் அத்தானிடம் அவளே சொன்னாள். அவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை, அக்கா? வேலைக்கு லீவ் போடச் சொல்வோம் என்றா, பயந்துவிடுவோம் என்றா? கோபமில்லை. கேட்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் அழுவார்களே என்று இத்தனை நாள் வீட்டில் உன் பேச்சையே எடுக்காமல் இருந்தோம். இனி அப்படி இருக்க மாட்டோம். உன்னைப் பற்றி அவர்கள் எதைக் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், மறைக்காமல் சொல்வேன். இது சத்தியம்.

உன் தம்பி,
யாழினிக்கும் கவினுக்கும் தாய்மாமன்