வெளியூர்க் காற்று

அம்மாவுக்கு,

பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது என்று நேற்று உன் பேத்திக்கு ஷூ வாங்கப் போனேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் குப்பென்று அடித்தது. மற்றவர்கள் அதைப் புதுத்தோல் வாசனை என்பார்கள். எனக்குத் தெரியாதா, அது சொல்யூஷன், ஷூ ஒட்டுகிற பசை. இவள் "நாறுதும்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அந்த ஷூவை வாங்கி உள்ளே மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றேன். "சைஸ் உள்ள இல்லம்மா, அடியில போட்டிருக்கும்" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இன்னொரு முறை மோந்து பார்த்தேன். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வரும்போது உன் புடவையில் இந்த வாசனைதான் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அந்த வாசனை உனக்கு மட்டும் தெரியாது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நீ பேஸ்டிங் செக்‌ஷன். ஷூவின் மேல்தோலுக்கு ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, மடித்து, தட்டி, அடுத்த பெண்ணிடம் தள்ளவேண்டும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதைத்தான் செய்துகொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் விரல் நுனியில் காய்ந்திருக்கும் பசையைத் தேய்த்துத் தேய்த்து மிளகு மிளகாக உருட்டி உதிர்ப்பாய். கூட்டும்போது அவை துடைப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்து வயதில் நான் உன்னைத் திட்டிய திட்டெல்லாம் அதற்காகத்தான். "கம்பெனியில உருட்ட வுட மாட்டேங்கறாங்கடி, வூட்லயாவது உருட்டிக்கறேன்" என்பாய்.

தோல் பதனிடும் தொட்டிகளால் நம் ஊருக்கு ஒரு நாற்றம் உண்டு. வேலூர் பக்கம் அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்குகையிலேயே முந்தானை மூக்குக்குப் போய்விடும். "இன்னா ஊரோ இது. இந்த நாத்தத்துல எப்பிடிதான் சோறு எறங்குதோ உங்களுக்கு" என்று அப்பாவின் அக்கா என்ற உரிமையில் நீட்டி முழக்குவாள். நீ சிரித்துக்கொண்டே, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி, பழகிடுச்சு" என்பாய். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இந்தப் பதில்தான். அதைக் கொஞ்சம் பெருமையாகவும் சொல்வோம். நாம் மோசம்போனது அந்தப் பெருமையால்தான். ஒரு வாசனையும் தெரியவில்லை என்று ஆனபோதுகூட அதைப் பழக்கம் என்றே எடுத்துக்கொண்டாய். வேறு ஊராக இருந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பால் தீய்ந்தால் அடுத்த அறையிலிருந்து நான்தான் கத்துவேன். ஒருநாள் அப்பாவுக்குக் கெட்டுப்போன சாம்பாரைக் கட்டிக்கொடுத்துவிட்டாய். தோல் லோடு ஏற்றிப் போகிற மனிதர், அந்த நாற்றத்துக்கெல்லாம் அசையாதவர், வண்டியை ஓரம்கட்டி வாந்தி எடுத்தாராம். "பேஜாராய்ட்ச்சுடி இன்னிக்கு" என்று புலம்பிக்கொண்டு வந்தார். "வெயில் ஜாஸ்தி, அதான் கெட்டுப் போய்டுச்சு" என்றாய். நாங்கள் சிரித்தோம். நீயும் சிரித்தாய், ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்தையும் என் முன்னால் நீட்டினாய். அதன்பிறகு அது தினப்படி வழக்கமானது. "மோந்து பாரு" என்பாய். என்னைப் பெரிய மனுஷியாக மதிக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆப்பா வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. ஆப்பா உனக்குப் பக்கத்து மேசையில் பேஸ்டிங் போடுகிறவள், நம் தெருக்கோடி வீடு. உருதுக்காரர்கள் அக்காவை ஆப்பா என்பார்கள். தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. நான் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தவள், "யா அல்லா, கேஸு" என்று ஓடிப்போய் சிலிண்டரை மூடினாள், ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். நீ அந்த அடுப்புக்குக் கீழேயே உட்கார்ந்து முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். இன்னா, இன்னா என்று அவளைப் பார்த்தாய்.

ஆப்பா அலமாரியிலிருந்து லவங்க டப்பாவை எடுத்துத் திறந்து உன் கண்ணை மூடச்சொல்லி மூக்கடியில் பிடித்தாள். "இது இன்னா சொல்லு."

"தெரில."

கற்பூரத்தைப் பிடித்தாள். பூண்டை நசுக்கிப் பிடித்தாள். கடைசியில் நீ கண்ணைத் திறக்காமலே அழுதாய்.

"எப்பத்துலேர்ந்து?"

"தெரில ஆப்பா. கம்மியாய்க்கினே வந்துது. ஊரு பழக்கம்னு இருந்துட்டேன். அவராண்ட சொல்லிடாத. அப்புறம் என் கையால சாப்புட மாட்டாரு."

"அடிப் போடி, இந்த ஊரு காத்துல யாரு மூக்கு வேல செய்யுது. லீவு வுட்டா வெளியூரு போ. நல்ல காத்து பட்டா தானா வந்துடும்" என்றாள் ஆப்பா. அழுகிறவளைத் தேற்றச் சொன்ன வார்த்தை அது. நீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய்.

அந்த மே மாதத்திலிருந்துதான் நம் பயணங்கள் ஆரம்பித்தன. அதுவரை அணைக்கட்டைத் தாண்டாத குடும்பம். தெருவில், "வருசா வருசம் டூரு போறாங்க, இன்னா வந்துதோ" என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைக்கு லீவு என்று அப்பாவிடம் சொல்வாய். நீ எதற்காகப் போகிறாய் என்பது எனக்கும் ஆப்பாவுக்கும்தான் தெரியும். எந்த ஊரிலாவது, எந்தக் காற்றிலாவது அது திரும்பி வந்துவிடும் என்பதற்காகப் போனாய்.

முதலில் ஏலகிரி. ரயிலில் மூன்று பேரும் தூங்கிவிட்டோம். ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டியவர்கள் திருப்பத்தூரில் போய் இறங்கினோம். அப்பா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மலைமேல் பஸ் நின்றதும் நீ எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு நேராகத் தைலமரத்தடிக்குப் போனாய். இலையைக் கசக்கி மோந்தாய். போட்டுவிட்டு இன்னொன்றைக் கசக்கினாய். உள்ளங்கை பச்சையாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குரங்கு நம் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. எலுமிச்சை சாதப் பொட்டலத்தை அது பிரித்தது, மோந்து பார்த்தது, பிறகு கீழே விட்டெறிந்தது. அப்பா, "உன் சோறு கொரங்குக்கே புடிக்கல பாரு" என்று விழுந்து விழுந்து சிரித்தார். உன்னால் அதற்குச் சிரிக்க முடியவில்லை. அவருக்குத் தெரியாதே, அவரைச் சொல்லி என்ன பிரயோசனம். இறங்கும்போது என் காதில், "மல காத்து குளுந்த காத்துடி, அதான் ஏறல. கடக்காத்து சரியா இருக்கும்" என்றாய்.

அடுத்த கோடையில் கடலுக்குப் போனோம். மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு குப்பத்தில் டீ குடிக்க இறங்கினோம். மணலில் பாய் விரித்துக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். அப்பா துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார். நான் வாந்தி வருகிறதென்று தள்ளிப் போய்விட்டேன். நீ அந்தப் பாய்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டாய். முந்தானை பறக்க, கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டாய். கருவாட்டுக்காரி வேலையை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தாள்.

"இன்னா பண்றா அங்க?" என்றார் அப்பா. நீ திரும்பி வந்து, "காத்து நல்லா வருது" என்றாய். அப்பா துண்டை அவிழ்த்து உன்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டீ வாங்கப் போனார். ஊருக்குத் திரும்பிய மறுநாளிலிருந்து காலையில் கிளம்பும் முன் டிபன் பாக்ஸைத் தானே திறந்து பார்ப்பார். "உப்பு பாக்கறேன்" என்பார். உப்பை யாராவது மூக்கால் பார்ப்பார்களா. நீ சமையலறையிலேயே நின்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருப்பாய்.

பிறகு ஒகேனக்கல், ஏற்காடு என்று போனோம். ஒவ்வொரு ஊரிலும் எதையாவது கசக்கிப் பார்த்தாய். நான் கல்லூரிக்குப் போன பிறகு உன்னை இழுத்துக்கொண்டு போய் வேலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். வயசாக இருக்கலாம், சளியாக இருக்கலாம், அந்தப் பசையாகவும் இருக்கலாம், திரும்ப வருவது கஷ்டம் என்றார் அவர். வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வேலையை விடு என்று பஸ் ஸ்டாண்டிலேயே கத்தினேன். "வுட்டா வந்துடுமா?" என்று கேட்டாய். பிறகு பஸ்ஸில், "கொடைக்கானல் காத்து வேற மாதிரியாம், ஆப்பா சொன்னா" என்றாய். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் மகள் பிறந்தபோது உன் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். அப்பா அப்போது உயிரோடு இல்லை. நீ பிள்ளையின் உச்சந்தலையில் மூக்கை வைத்தாய். எடுக்கவே இல்லை. அத்தை, "பச்சப்புள்ள வாசனன்னா வாசனதான்" என்று பக்கத்தில் நின்று உருகிக்கொண்டிருந்தாள். நீ ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாய். எல்லோரும் போன பிறகு என்னிடம், "ஒண்ணுமே இல்லடி. இதுக்காவது வரும்னு இருந்தேன்" என்றாய். அதற்குப் பிறகு நீ எந்த ஊருக்கும் போகவேண்டுமென்று கேட்கவில்லை.

வேலூரில் என் வீட்டுக்கு வந்து இருந்த கொஞ்ச காலத்திலேயே விழுந்து இடுப்பு முறிந்தது. படுத்தாய். புண் வந்தது. மருந்து வைத்தேன், துடைத்தேன், விரிப்பை மாற்றினேன். இருந்தாலும் அந்த அறைக்கு ஒரு நாற்றம் வந்துவிட்டது. வலிக்குக்கூட நீ அவ்வளவு பயப்படவில்லை. "நாறுதாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பவுடர் டப்பாவைத் தேடுவாய். "ஒண்ணும் இல்லம்மா, பவுடர் வாசனைதான் வருது" என்பேன். ஊதுவத்தி ஏற்றுவேன்.

ஒருநாள் அதையே சொல்லிக்கொண்டு புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாய்.

"நீ வாயால சொல்றத நான் எப்பவுமே கேட்டதில்ல" என்றாய். "கொழம்ப நீட்டுனா உன் மூஞ்சியத்தான் பாப்பேன். அதுல எனக்குத் தெரிஞ்சிடும். இப்பவும் தெரியுது."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பாத்திரத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். அன்றிலிருந்து நான் உள்ளே வந்தாலே நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாய். புண்ணுக்கு மருந்து வைக்கக்கூட, "நர்ச வரச் சொல்லு" என்றாய். பெற்ற பெண் கதவுக்கு வெளியே நின்றேன்.

அந்த வாரம் ஆப்பா ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னாய், அவளா கேட்பாள். நேராக வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, உன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நீ பயந்து பயந்து அவள் முகத்தைப் பார்த்தாய். அதில் ஒன்றும் இல்லை. ஒரு சுளிப்பு, ஒரு மூச்சடக்கல், எதுவும் இல்லை. ரொம்ப நாளுக்குப் பிறகு உன் உடம்பு இளகியதைக் கதவோரத்திலிருந்து பார்த்தேன். கம்பெனிக் கதைகள் பேசினீர்கள். சூப்பர்வைசரைத் திட்டினீர்கள்.

கிளம்பும்போது கேட்டில் வைத்து, "எப்பிடி ஆப்பா உங்களால முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எனக்கும் மூக்கு போய் ரொம்ப வருசமாச்சு கண்ணு. அவளாண்ட சொல்லல. சொன்னா வெளியூரு காத்துன்னு நான் சொன்னது பொய்யாய்டும்ல" என்றாள்.

அதன்பிறகு தினமும் வந்தாள். நீ போன மத்தியானமும் அவள் மடியில்தான் கிடந்தாய். நான் ஊதுவத்தியை மாற்றிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன். உள்ளே வரச்சொல்லி நீ கூப்பிடவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை, அம்மா.

அந்த நாட்களில் உனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உன் புண்ணைத் துடைத்த துணியை மூக்கருகே பிடித்துக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பேன். ஏதாவது ஒன்று அசையும். புருவமோ, உதட்டோரமோ. மறுபடி பிடிப்பேன். ஒன்றும் அசையாமல் சரியாக வந்த அன்று உள்ளே வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய். நான் விடவில்லை. மருந்து டப்பா, குப்பைக்கூடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன்.

இப்போது எதை மோந்தாலும் என் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. நல்லதற்கும் தெரிவதில்லை. பிச்சிப்பூவை நீட்டிவிட்டு உன் பேத்தி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், "உனக்கு வாசன வருதாம்மா, இல்லியா?" என்று. வருகிறது என்று வாயால்தான் சொல்கிறேன்.