எட்டு உதடுகளுக்கு ஒரே சாயம்

கில்ரஷ்,
8 மார்ச் 1998, ஞாயிறு.

அன்புள்ள ஃபின்டனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெர்லின் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். கட்டடச் சாரத்தின் மேல் நீ நிற்கும் படம் வந்தது. தலையில் தொப்பியைக் காணோம். போன வாரக் காற்றில் பெயர்ந்த கூரை ஓடுகளை உன் தம்பி வந்து மாற்றிவிட்டான். தேநீர் குடிக்காமல் போனான், அவசரமாம்.

ஃபோனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். அங்கே ஃபோன் கூண்டில் உனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குப் பேச்சு வராது.

நம் டெர்வ்லாவின் வயிற்றுவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவளுக்குச் சீலியாக் நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்கென்று தனி டோஸ்டர், தனி வெண்ணெய், தனிக் கத்தி. கோதுமையோ பார்லியோ ஒரு பொட்டு உள்ளே போனாலும் மூன்று நாள் படுக்கைதான் என்று எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் அக்டோபரில் லிமரிக் நடனப் போட்டி முடிந்து வந்து படுத்தாள். டிசம்பரில் கால்வே போய் வந்தும் அதே கதை. நான் கட்டிக் கொடுத்த சாதத்தையும் கோழியையும் தவிர எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தாள். நடன ஆசிரியை மிஸஸ் ஹெனகன் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேடை ஏறுறப்ப எல்லாப் பிள்ளைக்கும் வயித்தைக் கலக்கத்தான் செய்யும். நீங்க ரொம்பப் பொத்திப் பொத்தி வளர்க்கிறீங்க, அட்ராக்டா" என்றாள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரித் தொடக்கத்தில் டிராலிப் போட்டிக்கு நானும் கூடவே போனேன். மேடைக்குப் பின்னால் பெண்களின் கழிவறை. குழுவின் எட்டுப் பெண்களும் ஒரே மாதிரி சுருள் பொய்முடி வைத்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். நடுவர்களின் கண்ணுக்கு எட்டு முகமும் ஒன்றாகத் தெரிய வேண்டுமாம். மிஸஸ் ஹெனகன் ஒரே ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகப் பூசிக்கொண்டே போகிறாள். மூன்றாவதாக நின்றவள் தபால்காரர் மகள் கன்செப்டா. ஹாம் சாண்ட்விச்சை அப்போதுதான் வாயில் அடைத்திருந்தாள். மென்றுகொண்டே உதட்டைக் குவித்துக் காட்டினாள். சாயத்தின் நுனியில் ரொட்டித் துகள் ஒட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அதை மிஸஸ் ஹெனகன் கட்டைவிரலால் வழித்து, தன் பாவாடையிலேயே துடைத்துவிட்டு, அடுத்த வாய்க்குப் போனாள். அடுத்தவள் வாயில் எச்சில், அதற்கடுத்தவள் வாயில் பிஸ்கட். நம் மகள் எட்டாவதாக நின்றாள். உயரமானவள் என்பதால் எப்போதும் கடைசிதான். ஏழு பேர் வாயைச் சுற்றி வந்த அந்தப் பிசுக்கை வாங்கிக்கொண்டு, நன்றாகப் பதியட்டும் என்று இரண்டு உதட்டையும் சேர்த்துத் தேய்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று மாலை வீடு திரும்பும் வழியில் அவள் வாந்தி எடுக்க இரண்டு இடத்தில் இரவல் காரை நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் அந்த லிப்ஸ்டிக்கை மிஸஸ் ஹெனகனிடம் கேட்டு வாங்கினேன். அவள் அதைக் கொடுத்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். குழாயில் ஒரு நம்பரும் "பவளத் தீ" என்ற பெயரும் மட்டும் இருந்தன. இப்போதெல்லாம் அட்டைப்பெட்டியில் உள்ளே என்ன இருக்கிறது என்று போட வேண்டுமாம், ஆனால் பெட்டியை எப்போதோ எறிந்துவிட்டாள். எனிஸுக்குப் பஸ் பிடித்துப் போனேன். கடைப் பெண் என் கதையைக் கேட்டுவிட்டு, "இது சாப்பிடுற சாமான் இல்லீங்களே மேடம்" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்றவளும் சிரித்தாள். ஆனாலும் கடைப் பெண் அதே சாயத்தின் காலிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தாள். எழுத்தெல்லாம் எறும்பு அளவு, பாதி லத்தீன். மருந்துக்கடை டார்ப்பி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். ஐந்தாவது பெயரில் நிறுத்தினார். "ட்ரிட்டிகம்னா கோதுமைம்மா. கோதுமை முளையில எடுத்த எண்ணெய்" என்றார்.

ஆஸ்பத்திரி டாக்டரிடமும் கேட்டேன். அந்த எண்ணெய்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதில் கோதுமைச் சத்து இருந்தாலும் கொஞ்சமாகத்தான் இருக்கும், ஆனால் ரொட்டித் துகள் ஒன்றே போதும், இரண்டையும் நிறுத்துங்கள் என்றார். அவர் ஒருவர்தான் சிரிக்காமல் கேட்டார்.

பிறகு ஏழு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினேன். கோதுமை, பார்லி இல்லாத சிவப்புச் சாயம் உங்களிடம் உண்டா என்று மட்டும்தான் கேட்டேன். நான்கு பேர் பதிலே போடவில்லை. ஒருவர், எங்கள் பொருள் வெளிப்பூச்சுக்கு மட்டுமே, உண்பதற்கு அல்ல என்று தடித்த தாளில் அச்சடித்து அனுப்பினார். உதட்டில் பூசியது எங்கே போகும் என்று அவர் நினைக்கிறார்? அவர் மனைவி வாயைத் திறக்காமலே வாழ்கிறாளா? இன்னொரு கம்பெனி, அன்பான வாடிக்கையாளருக்கு என்று பரிசே அனுப்பியது. பிரித்துப் பார்த்தால் முகத்தில் தேய்க்கும் கோதுமைத் தவிடு. அதைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். கடைசியில் ஸ்கிபரீன் பக்கம் வீட்டிலேயே சாயம் காய்ச்சும் ஒரு பெண்மணி எழுதினாள். அவள் தங்கைக்கும் இதே வியாதியாம். தேன்மெழுகு, ஆமணக்கெண்ணெய், நிறம், அவ்வளவுதான் சேர்க்கிறேன் என்று கையால் எழுதி, ஒரு குழாயும் வைத்திருந்தாள். டெர்வ்லா ஒரு வாரம் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அந்தச் சிவப்பில் கொஞ்சம் செங்கல் நிறம் தட்டுகிறது. மிஸஸ் ஹெனகன் ஒரே பார்வையில், "ஒரு வாய் மட்டும் வேற மாதிரி தெரிஞ்சா எட்டுப் பேருக்கும் மார்க் போகும்" என்றாள். ஈஸ்டர் போட்டிக்கு டெர்வ்லாவுக்குப் பதில் வேறு பெண்ணை நிறுத்துவதாக முடிவே செய்துவிட்டாள். நான் கத்தினேன், கெஞ்சவும் செய்தேன். மற்ற தாய்மார்கள் கைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் கன்செப்டாவின் உதட்டோரம் ஒரு கொப்புளம் வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும் இருவருக்கு. அவ்வளவுதான், அத்தனை தாய்மாரும் சர்ச் மண்டபத்தில் திரண்டு, என்ன அசிங்கம் இது, ஒரே சாயத்தை எட்டு வாய்க்குப் பூசுவதா என்று மிஸஸ் ஹெனகனைப் பிடித்து உலுக்கிவிட்டார்கள். இப்போது அவரவர் சாயம் அவரவருக்கு. டெர்வ்லா குழுவில் இருக்கிறாள், பின்வரிசையில். ஃபின்டன், என் மகள் மூன்று தடவை சுருண்டு கிடந்தாள், ஒருத்தி எட்டிப் பார்க்கவில்லை. உதட்டில் ஒரு புண் வந்ததும் ஊரே எழுந்து நிற்கிறது. எனக்கு இவர்கள் முகத்தில் விழிக்கவே அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் இவர்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? டிசம்பரில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் பள்ளிப் பையைக் கவிழ்த்து ரொட்டித் துண்டு தேடினேன். கோட்டுப் பையில் கைவிட்டு, விரலில் ஒட்டிய தூசியை மோந்து பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததை, சாமர்த்தியமாக ஒளிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உன்னிடமும் அப்படியே சொன்னேன். நீ என்னை நம்பி, ஃபோனைக் கொடு என்று சொல்லி அவளிடம், "ஒளிச்சு ஒளிச்சுத் தின்னுட்டு வாந்தி எடுக்கிறதுக்குப் பேரு வியாதி இல்ல, திருட்டு" என்றாய். தப்பு என்னிடம் தொடங்கியது.

நான் அவளிடம் சொல்லிவிட்டேன், பையைச் சோதித்ததையும் சேர்த்து. "தெரியும்மா. புத்தகமெல்லாம் தலைகீழா இருந்துச்சு" என்றாள். அன்று என்னோடுதான் சாப்பிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் அவள் குளிக்கிறாள், பாடம் படிக்கிறாள், தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா? அவள் எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் படிக்கட்டில் உட்கார்ந்து, நான் உன்னிடம் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஈஸ்டருக்கு நீ வருவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கடிதம் எழுது. என் கடிதத்துக்குள் வைக்காதே. உறையின் மேல் அவள் பெயரை எழுதி, தனியாக அனுப்பு. பெரிதாக ஒன்றும் வேண்டாம், நம்புகிறேன் என்று ஒரு வரி இருந்தால் போதும். கடவுள் உன்னைச் சாரத்தின் மேல் பத்திரமாக வைத்திருக்கட்டும். தபால் வரும் நேரத்துக்கு அவளையே கதவைத் திறக்கச் சொல்கிறேன்.

என்றும் உன்
அட்ராக்டா