நழுவிய எலும்பு

பூங்கொடிக்கு,

நீ அய்யம்பாளையத்தில் உன் அண்ணன் வீட்டில் படுத்திருப்பதால், உன் ஸ்கேன் படத்தை இன்று நானே போய் வாங்கினேன். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பில் ஓர் எலும்பு முன்னால் நழுவி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

“பல வருசமா இப்படித்தான் இருந்துருக்கு. இதோட எப்படிங்க நடந்தாங்க?” என்றார்.

நடந்தாயா? பூம்பாறைச் சரிவில் பூண்டு மூட்டை அல்லவா சுமந்தாய்! ‘சோலிக்குப் பயந்து படுத்துக் கெடக்கா’ என்று நான் ஊரெல்லாம் சொன்ன வருடங்களிலும் சுமந்தாய். படத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை கூப்பத் தோன்றியது; கூப்பியும் விட்டேன். டாக்டர் என்ன நினைத்தாரோ.

ஆபரேஷன் வேண்டாமாம். பாரம் தூக்காமல், தினமும் பயிற்சி செய்தால் போதுமாம். நீ பயிற்சி செய்யும்போது ஒருவர் உன் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் வரட்டுமா?

உன் வீட்டுக்காரன்