பனி லாரி ஓட்டும் பெண்

ஹார்லன் க்ரீக், நெப்ராஸ்கா
மே 11

அன்புள்ள டார்லா,

நலம்தானே? ஆண்டுக் கடைசியில் உன் பள்ளிப் பிள்ளைகள் உன்னைப் பிய்த்து எடுப்பார்கள், தெரியும். அப்படியிருந்தும் ஒரு வேலை தருகிறேன். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு எழுதிய கட்டுரை இதோடு இருக்கிறது. ஆங்கில டீச்சர் கண்ணால் பார்த்துத் திருத்து. போன வருஷம் எழுதியது சவசவ என்று இருந்தது. இது எங்கள் வார்டுக்குக் கீமோ ஏற்றிக்கொள்ள வரும் ஒரு பெண்ணைப் பற்றியது. பேரை மாற்றிவிட்டேன், பயப்படாதே. கடைசிப் பத்தியில் உனக்கு அழுகை வராவிட்டால் நான் நர்ஸ் உதவியாளாகவே காலம் தள்ளிவிடுகிறேன்.

உன் லியோனா

ஒமாஹா
மே 17

லியோனா,

நாற்பத்தொரு வயது. மாவட்டத்திலேயே பனி அள்ளும் லாரி ஓட்டும் ஒரே பெண். மருந்து ஏறும்போது போல்கா நடனப் பாட்டைச் சுருதி விட்டு முனகுகிறவள். பேரை மாற்றி என்ன பயன்? அது என் அக்கா மார்னி. கல்யாணமாகி அந்தப் பக்கம் போனவள், நீ பார்த்ததில்லை. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன் என்று ஈஸ்டருக்குச் சொன்னாள். நான் கிண்டல் செய்தேன்.

கடைசிப் பத்தியை அடுப்படியில் நின்று வாசித்தேன். "என் தங்கச்சிக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா. அவ அழுதா எனக்குத் தாங்காது." நீ எதிர்பார்த்தபடியே அழுகை வந்தது.

எவ்வளவு முற்றியிருக்கிறது? அதையாவது சொல்.

டார்லா

ஹார்லன் க்ரீக்
மே 21

டார்லா,

அது உன் அக்காவா இல்லையா என்றுகூட நான் சொல்லக் கூடாது. "இப்பத்தான் ஞானம் வந்துச்சா?" என்று நீ கத்துவது கேட்கிறது. நியாயம்தான். ஆனால் ஒரு தடவை வாயை விட்டேன் என்பதற்காக மறுபடியும் விட முடியாது.

நேற்று மேலாளர் வில்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பேரை எடுத்துட்டா ஆளு மறைஞ்சிடுவாங்களா, லியோனா? நம்ம பக்கம் ஆளைப் பேரைச் சொல்லியா அடையாளம் காட்டுறாங்க, செய்யுற வேலையைச் சொல்லித்தானே?" என்றார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமாம். நடந்ததை அந்த நோயாளியிடம் ஆஸ்பத்திரியே சொல்லும். கட்டுரையை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். உன்னிடம் உள்ளதைக் கிழித்துவிடு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த நோயாளியிடம் போய்க் கேட்க எனக்கு அனுமதி இல்லை.

லியோனா

ஒமாஹா
ஜூன் 2

லியோனா,

மார்னி கூப்பிட்டாள். "உனக்குத் தெரிஞ்சுபோச்சாமே" என்றாள். நான் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"புருஷன், மாமியார், லாரி ஷெட்டுல இருக்கிறவனுங்க, எல்லாரும் என்னை நோயாளியாத்தான் பாக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை உன்கிட்ட பேசுறப்ப மட்டும் நான் பழைய மார்னி. அதுவும் போச்சுடி."

கட்டுரையை வாசிக்கச் சொன்னாள். கிழிக்காமல்தான் வைத்திருந்தேன். போனிலேயே வாசித்தேன். கேட்டு முடித்ததும் சொன்னாள்: "நல்லாத்தான் எழுதியிருக்கா. ஆனா அதை உன்கிட்ட நான்ல சொல்லியிருக்கணும்."

அப்புறம்தான் கிழித்தேன். பள்ளி மூடியதும் அவளிடம் போகிறேன். கோடை முழுக்க அங்கேதான்.

உன்னை வேலையிலிருந்து நீக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள். அது அவள் குணம். எனக்கு இன்னும் அந்தக் குணம் வரவில்லை. வந்தால் நானே எழுதுகிறேன். அதுவரை நீ எழுதாதே.

டார்லா