அண்ணி இல்லாத பதினெட்டாம் பெருக்கு

என் மகராசி அண்ணிக்கு,

நேற்று ஆடிப்பெருக்கு. போன வருஷம் உங்கள் துக்கம், ஆற்றுக்குப் போகவில்லை. இந்த வருஷம் வேன் வைத்துத் திருக்காஞ்சிக்குப் போய் வந்தோம். சங்கராபரணி ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது, நம்புவீர்களா? ஒரு வருஷம் சொட்டு ஈரம் இல்லாமல், முதலியார்பேட்டையில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுபோய் மணலில் ஊற்றிக் கும்பிட்டோமே! "ஆத்தாளுக்கு நாமளே தண்ணி மொண்டு குடுக்கிற மாதிரி ஆயிடுச்சி பாரு" என்று நீங்கள் சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

புளிசாதம் நான்தான் கிளறினேன். உப்பு கொஞ்சம் தூக்கல். அண்ணன் குறை சொல்லாமல் சாப்பிட்டார். நீங்கள் என்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பீர்கள். அந்த வாய்க்குத்தான் ஏங்கிக் கிடக்கிறேன்.

அந்த வாய்தானே என்னை ஆற்றில் இறக்கியது? என் வீட்டுக்காரர் இறந்து, நான் அண்ணன் வீட்டோடு வந்த வருஷம். பெருக்கன்று சுமங்கலிகள் எல்லாம் காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டு, தாலிக்குப் புதுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கரைமேல் கூடைகளுக்குக் காவல். நீங்கள் தண்ணீரில் நின்றபடியே கத்தினீர்கள்.

"இன்னாத்துக்குடி அங்க நிக்கிற? எறங்கி வா. எனக்கு நீதான் கயிறு கட்டணும்."

அண்ணனை வளர்த்த பெரியம்மா பதறிவிட்டார். "ஐயோ, அவ கையாலயா? எம் புள்ள நல்லா இருக்க வாணாமா?"

"அவருக்கு இவ கூடப் பொறந்தவ. அவரு நல்லா இருக்கணும்னு இவள விட யாரு வேண்டிக்குவா?" என்று கேட்டுவிட்டு, கழுத்தை நீட்டினீர்கள். இறங்கி வந்து முடிச்சுப் போட்டேன். அன்றிலிருந்து வருஷா வருஷம் நான்தான் போட்டேன். அதற்கு நன்றி என்று ஒரு வார்த்தை உங்களிடம் சொன்னதே இல்லையே, ஏன் அண்ணி?

நேற்று உங்கள் மகள் மல்லிகாவுக்குத் தாலி பிரித்துக் கோர்க்க வேண்டியிருந்தது. இந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில். இவளுக்கு இன்னும் விசா வரவில்லை. "அம்மா எடத்துல அத்ததான் கோக்கணும்" என்று ஒரே பிடிவாதம். எனக்கோ பயம். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தால், அந்தப் பேச்சைக் காலமெல்லாம் சுமக்கப் போவது மல்லிகா அல்லவா?

சம்மதம் கேட்கச் சம்பந்தியம்மாவைத் தேடினேன். காணோம். அவரும் கணவரை இழந்தவர். ஒண்டியாக மகனை ஆளாக்கியவர். வேன் பக்கத்தில் பைகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான் வரலீங்க. புள்ள எங்கியோ துப்பாக்கியோட நிக்கிறான். இந்த நேரத்துல என் நெழலு கூட அங்க படக்கூடாது. நீங்களே பண்ணிடுங்க."

ஐயோ அண்ணி, அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று கரைமேல் என் முகமும் இப்படித்தான் இருந்ததா? அதனால்தான் அப்படிக் கத்தினீர்களா?

"பெத்தவ நெழலு புள்ளைக்குக் குடைங்க. வாங்க சொல்றேன்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்கே தெரியாது!

நான் சரடைப் பிடிக்க, குண்டும் பவழமும் அவர் கோர்த்தார். மல்லிகா எங்கள் இரண்டு பேர் காலிலும் விழுந்தாள். அந்தம்மா மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அழுது முடித்து ஆற்றில் முகம் கழுவிக்கொண்டு, "தின்றதுக்கு ஏதாச்சும் இருக்குங்களா? காலையிலேர்ந்து பயத்துல ஒண்ணுமே எறங்கல" என்றார்.

அடுத்த பெருக்குக்கு மல்லிகா எந்தத் தேசத்தில் இருப்பாளோ, தெரியாது. நானும் சம்பந்தியம்மாவும் கட்டாயம் திருக்காஞ்சியில் இருப்போம். கரைமேல் எவளாவது ஒருத்தி ஒதுங்கி நின்றால், உங்களை மாதிரியே கத்திக் கூப்பிடுவேன். அந்த ஆற்றின் மேல் சத்தியம்.

உங்களிடம் இன்னும் திட்டு வாங்க ஆசைப்படும்,
உங்கள் நாத்தனார்.