சலுகை முடிந்த வீடு

அம்மா,

எழுதப் படிக்கத் தெரியாத உனக்குக் கடிதம் எழுதுகிறேன், தப்பாக நினைத்துக்கொள்ளாதே. நீ இருந்தபோது உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காகிதத்திடம் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் உண்டு.

இன்று காலை வீட்டு வரிச் சீட்டு வந்தது. கொண்டுவந்த சேவகர் உன் பெயரைச் சொல்லி, அம்மா இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நீ கடைக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டு, "வந்ததும் குடுத்துடுங்க" என்று சீட்டை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை. மூன்று வருடமாக அந்தச் சீட்டின் மூலையில் சலுகை என்று கையால் எழுதியிருப்பார்கள். இந்தத் தடவை அந்த இடம் வெறுமையாக இருந்தது. முழு வரி. நம்முடைய சலுகைக் காலம் முடிந்துவிட்டது.

அந்த அறிவிப்பைத் தமுக்கு அடித்துச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கப்பல் ஏறிப் போனவர்களின் வீடுகள் தெருவுக்கு நாலு பூட்டிக் கிடந்தன. வாங்க ஆளில்லை. அதனால்தான் அந்தச் சலுகை என்றார்கள். குறித்த தேதிக்குள் வீடு வாங்கிப் பதிந்தால் பதிவுக் கட்டணம் குறையும், மூன்று வருடத்துக்கு வீட்டு வரி பாதி. நான் மதராசில் பட்டம் முடித்து வந்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரம். மில்லுக்குப் பக்கத்தில் வரிசை வீடுகளில் ஒரே அறையில் இருந்தோம். பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு குழாய். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை உனக்கு நான்தான் படித்துக் காட்டினேன். நூல் சுற்றிச் சுற்றி வெடித்துப்போன விரலை அந்தக் காகிதத்தின் மேல் வைத்து, "இதுல தேதி எங்க இருக்குது?" என்று கேட்டாய். காட்டினேன். அன்றிலிருந்து உனக்கு அந்தத் தேதி ஒன்றுதான் கண்ணில் நின்றது.

அதுவரை வீடு வாங்குவதைப் பற்றி நீ நிதானமாகப் பேசுவாய். அப்பா இறந்தபோது மில்லில் கொடுத்ததும் உன் வளையல்களும் இருக்கின்றன, எனக்கு வேலை கிடைக்கட்டும், பார்த்துப் பார்த்து வாங்கலாம் என்பாய். தமுக்குச் சத்தத்துக்குப் பிறகு ஊரே ஓடியது. நேற்றுவரை பூட்டிக் கிடந்த வீட்டு வாசல்களில் குடையும் கையுமாகத் தரகர்கள் நின்றார்கள். குழாயடியில் ஒருத்தி, மில்லுக்காரிக்கு மாடி வீடு கேட்கிறதாம் என்று உன் காதுபடச் சொன்னாள். நீ குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "ஆமா, கேக்குது. ஒனக்கு என்னா?" என்று சொல்லிவிட்டு வந்தாய்.

வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில் இந்த வீட்டைக் காட்டிய தரகரை நினைத்துக்கொள்கிறேன். மாடியில் ஒரே அறை, கடலைப் பார்த்த ஜன்னல். கருவாட்டு வாடை ஏறி வந்தது. போன மாதம் இதே வீட்டுக்குக் குறைவாகச் சொன்னீர்களே என்று நீ கேட்டபோது அவர் கூச்சமே படவில்லை.

"வரி எறங்குனா வெல ஏறும்மா. இது தெரியாதா?"

"அப்ப சலுகை எனக்கா, ஒனக்கா?"

"ரெண்டு பேருக்கும் இல்ல. விக்கிறாரு பாருங்க, அவருக்கு" என்று அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய். பொருளாதாரம் படித்தவள் நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். சலுகையாக வரப்போவது முழுவதும் விலையிலேயே போய்விட்டது என்பதும், மூன்று வருடம் கழித்து வரி பழைய அளவுக்குத் திரும்பும், கூடக் கொடுத்த விலை திரும்பாது என்பதும் தெரியும். ஆனாலும் நான் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் அடியில் ஒரு மேசை போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதைத்தான் நான் இதுவரை சொன்னதில்லை: அந்த வீடு உன்னைவிட எனக்கு வேண்டியிருந்தது.

விற்றவர் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்டு பாரீசுக்குப் புறப்படக் காத்திருந்தவர். வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொண்டீர்கள். தட்டு கை மாறியதும் உன் மட்டில் வீடு வாங்கியாகிவிட்டது. எழுத்து என்பது படித்தவர்கள் தங்கள் திருப்திக்குச் செய்வது. அதன் பிறகுதான் நீ, நான், விற்பவர் மூவரும் நொத்தேரிடம் போனோம், பிரெஞ்சுக்காரர் முறைப்படி பத்திரம் எழுத. கெடு முடிய ஐந்து நாள் இருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட அந்தக் கிழவர் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு விற்பவரிடம் பிரெஞ்சில் பேசினார். இந்த வீட்டில் சைகோனில் இருக்கும் விற்பவரின் தம்பிக்கும் பாதி உண்டு, அந்தத் தம்பி கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம் கப்பலில் வந்து சேராமல் தன்னால் எழுத முடியாது, வாங்குகிற அம்மாளிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

விற்பவர் உன் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அய்யா எல்லாம் சரின்னுட்டாரு. இங்க எழுதினா நாளாவும்றாரு. தேதி போயிடும். நாம வேற எடத்துல எழுதிக்கலாம்."

அந்த அறையில் பிரெஞ்சு புரிந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான். ஒரு நாற்காலியின் நுனியில், தாவணியைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பிரெஞ்சு படித்தவள் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியாது. அறிமுகமில்லாத ஆண்கள் முன்னால் பேச நாக்கு எழாது என்று நான் எத்தனையோ தடவை சொல்லித் தப்பித்திருக்கிறேன். அன்று நாக்கு எழாததற்குக் கூச்சம் மட்டும் காரணம் இல்லை.

வெளியே வந்து வெயிலில் நடந்தபோது நீ கேட்டாய்: "அந்தப் பெரியவரு இம்மா நேரம் என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லம்மா. தேதியப் பத்தித்தான்."

நீ நின்று என்னைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரி, நீ படிச்சவ" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாய். மூன்றாம் நாள், பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மர நிழலில், பத்திரம் எழுதுகிற ஒருவர் எல்லாவற்றையும் எழுதி முடித்தார். பழைய காகிதங்களை அவர் கேட்கவே இல்லை. நீ கைநாட்டு வைத்தாய். கெடு முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாய். விற்றவர் அந்த மாதமே கப்பல் ஏறிப் போய்விட்டார்.

மேசை வாங்கினோம். ஜன்னலடியில் போட்டோம். பெண்கள் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் வருடம் வரிச் சீட்டு வந்தபோது, தெருவில் எல்லோரிடமும் காட்டி, "பாதிதான், பாத்தியா" என்றாய். நான் மேலே உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தெருவில் புதிதாக யாராவது வீட்டு எண்ணைத் தேடினால் எழுந்து ஜன்னலை விட்டு விலகி நிற்பேன். நீ அதைக் கவனித்திருப்பாய். என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன ஐப்பசியில் நீ போனாய். பொங்கல் கழிந்து அவர் வந்தார்.

முதலில் எதிர்வாடையில் நின்றார். மூன்று சாயங்காலம் நின்றார். ஒல்லியான உடம்பு, பட்டாளத்து நிமிர்வு, நரைத்த மீசை. நாலாவது நாள் கதவைத் தட்டினார். நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். கூடத்தின் நீளத்தை ஒரு தடவை நடந்து பார்த்தார். அடிகளை எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தது. சுவர் எழுப்பினால் அது அடுப்படிக்கு நடுவே வரும்.

"நான் சண்டைக்கு வரல, மத்மொசேல்" என்று பிரெஞ்சில் மரியாதையாக அழைத்தார். "விக்கப் போறேன்னு எங்க அண்ணன் எனக்கு ஒரு கடுதாசி போடல. இருபது வருஷம் பட்டாளத்துல கெடந்துட்டு இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்தேன். ஒரு கேள்விதான். நான் ஒருத்தன் இருக்கேன்னு ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவர் வெகு நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கோர்ட்டில் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீலைப் பார்த்தேன். நல்ல மனிதர். பயப்படாதேம்மா என்றார். பங்காளி இருப்பது தெரியாமல், நம்பி வாங்கியவர்கள் என்று நின்றால் வீட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது. நீ படிக்காதவள், நானோ அப்போது சின்னப் பெண். தெரியாது என்று சொன்னால் போதும் என்றார். நொத்தேர் இறந்துவிட்டார். விற்றவர் பாரீசில் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்று அறிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். எனக்காக யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நானும் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை இருந்தது போலவே இருந்தால் போதும்.

நாளை காலை விசாரணை. அங்கே என் பெயரைக் கூப்பிடுவார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.

கடைசி நாளில் காய்ச்சல் வேகத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "யாரு வந்து கேட்டாலும் இந்த வூட்ட வுட்டு எறங்காத." நான் சரி என்றேன். யார் வந்து கேட்பார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் அம்மா? அன்று வெயிலில் நின்று என் முகத்தைப் பார்த்தாயே, அப்போதே தெரிந்துகொண்டாயா? தெரிந்துகொண்டு, எனக்காக, நீயும் பேசாமல் நடந்தாயா? அப்படியானால் இத்தனை வருடமும் இந்த வீட்டில் இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம். இதை நினைத்தால் வீட்டைவிட அதுதான் எனக்குக் கனமாக இருக்கிறது.

நீ ஒன்றும் அறியாதவள் என்றுதான் நாளை சொல்வேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என்னைப் பற்றி மட்டும் உள்ளதைச் சொல்ல வேண்டும். சொன்னால் வீடு போகும். பாதியோ முழுதோ, எனக்குத் தெரியாது. உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

உனக்கு நான் கொடுத்த வாக்கிலிருந்து என்னை விட்டுவிடு அம்மா. நான் இறங்கிக்கொள்கிறேன்.